உபசார வேண்டாம்

செவ்வாய்

ஒரு நாளில் நான் கேட்கும் சொற்களில் பாதிக்கு மேல் "வேண்டாம்"தான். யாரும் அதை என்னிடம் சொல்வதில்லை. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் எங்கள் நிறுவனத்தின் பலகையிடம் சொல்கிறார்கள். அந்தப் பலகை பாட்டுப் போடும், கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும், மாத்திரையை நினைவூட்டும், கேட்டதற்குப் பதில் பேசும். விலை கிடையாது. நடுநடுவே விளம்பரமும் பேசிக்கொள்ளும், அவ்வளவுதான்.

பெட்டியில் டிக் அடித்து வாங்கும் சம்மதம் செல்லாது என்று சட்டம் வந்த பிறகு, ஒருவருடைய எந்தத் தகவலை எடுப்பதானாலும் அவர் மொழியில் கேட்டு, அவர் வாயால் பதில் வாங்க வேண்டும். வாங்கிய பதில்களில் சிலவற்றை எடுத்துக் கேட்டு, எல்லாம் விதிப்படி நடந்ததா என்று பார்ப்பது எங்கள் கம்ப்ளையன்ஸ் பிரிவின் வேலை. அந்தப் பிரிவில் நான்தான் கடைசியாகச் சேர்ந்தவள். தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று ஒரே குரலை மூன்று முறை ஓட்டுவதால், முடிக்கும் வேலையிலும் நான்தான் கடைசி.

இன்று மௌலீஸ்வரன் சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பலகைக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் குழுவின் தலைவர் அவர். கோவையில் மட்டும் சோதனையாக ஓடும் "உபசாரம்" என்ற பகுதி வெள்ளிக்கிழமை மாநிலம் முழுக்கப் போகிறது, வீடுகளுக்கு மட்டுமல்லாமல் கிளினிக்குகளுக்கும். அதற்கு நான் சான்று சொல்ல வேண்டும்.

"நானா சார்? ஹெப்சிபா மேடம் இருக்காங்களே?"

"மேடம் டைரக்டர் ஆயிட்டாங்கல்ல. டைரக்டர் சான்று சொல்லக்கூடாதுன்னு சட்டம். ஆணையத்துல பதிவு வாங்கின அதிகாரி இப்ப நீ ஒருத்திதான்."

எனக்குப் பதிவு கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகின்றன. அப்போது கேக் வெட்டினார்கள். ஏன் வெட்டினார்கள் என்று இப்போது புரிந்தது.

உபசாரம் என்ன செய்கிறது என்று அவரே சொன்னார்.

"வெளியூர்க்காரன் மெஷினுக்கு நம்மூரு வேண்டாம் புரியாது. வேண்டாம்னா வேண்டாம்னு எழுதிட்டுப் போயிரும். நம்ம வீட்டுக்கு வந்தவங்ககிட்ட காபி குடிக்கிறீங்களான்னு கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சோம்னு."

"அப்புறம்?"

"குடிப்பாங்க."

"அவ்வளவுதான். அது உபசார வேண்டாம். நெஜ வேண்டாம் வேற. குரலை வெச்சே ரெண்டையும் பிரிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கோம். உபசாரம்னு தெரிஞ்சா ரெண்டு நாள் விட்டு நயமா மறுபடி கேக்கும். அப்பவும் உபசாரம்னா மூணாவது தடவை. அதுக்குப் பதில் வரலீன்னா ஒத்துக்கிட்டாங்கன்னு எடுத்துக்கும். சம்மதம் எவ்வளவு ஏறியிருக்கு தெரியுமா?"

திரையில் சம்மதம் ஏறிய வரைபடத்தைக் காட்டினார். மலை மாதிரி இருந்தது. நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று பேருந்தில் வரும்போது யோசித்தேன்.

புதன்

மாலை வகுப்பு ஒரு தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில் நடக்கிறது. பெஞ்சுகள் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கானவை. தகவல் பாதுகாப்புச் சட்டத்தை முழங்காலை மடக்கி உட்கார்ந்து படிக்கிறோம். என் பக்கத்து இடம் சுபிக்ஷா அக்காவுடையது. பம்ப் கம்பெனி ஒன்றில் கிடங்கு மேற்பார்வை. கணவரை விட்டு வந்து, விடுதியில் தங்கி, விவாகரத்து வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறவர். இன்று வகுப்பு பாதி முடிந்த பிறகு, தோளில் பெரிய துணிப்பையோடு வந்தார். வகுப்பு விட்டதும் அவராகவே சொன்னார்.

"அந்த ஆளு வந்து நின்னுட்டான் கண்ணு. ஆஸ்டல் கேட்டு முன்னால. காலையில நான் வேலைக்குக் கெளம்பறப்ப."

அவர் முழங்கைக்கு மேல் ஒரு தழும்பு உண்டு. எப்படி வந்தது என்று முதல் மாதமே சொல்லியிருந்தார்.

"வாட்ச்மேன் இருந்ததால தப்பிச்சேன். சிரிச்சுக்கிட்டே சொல்றான், 'தேங்கா பன்னு இன்னும் விடலையா நீ'ன்னு."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"பலகைதான் சொல்லியிருக்கு, அவனே சொன்னான். உடுமலையில அவன் வீட்டுப் பலகை. 'உங்கள் வீட்டில் சுபிக்ஷா விரும்பி வாங்கும் தேங்காய் பன், மசக்காளிபாளையம் ரோட்டில் இன்று சலுகை விலையில்'னு. குடும்பச் சலுகையாம். கேஸு முடியற வரைக்கும் நாங்க இன்னும் ஒரே குடும்பந்தானே, அதுக்கு. அந்த பேக்கரிக்கு நாலு கட்டடம் தள்ளித்தான் ஆஸ்டல். அவன் தேடி வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்?"

என் காது சூடாகிவிட்டது. குடும்பச் சலுகை எங்களுடையது. வீட்டில் ஒருவர் போய் வரும் இடங்களை அவர் போனிலிருந்து தெரிந்துகொண்டு மற்றவருக்கு விளம்பரமாகச் சொல்வது. அதற்குத் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும்.

"அக்கா, உங்ககிட்ட அது கேட்டிருக்கணுமே?"

"ஆஸ்டல் ரூம் பலகை கேட்டுது. வேண்டாம்னேன். மறுக்காவும் கேட்டுது, அப்பவும் வேண்டாம்னுதான் சொன்னேன். அதுக்கப்புறம் ஒருநா, சோறு வடிச்சிட்டு இருக்கறப்ப கேட்டுது. சலிச்சுப் போயி பேசாம விட்டுட்டேன். சொன்னதையே எத்தனை தடவைதான் சொல்றது?"

"இப்ப நிறுத்தச் சொல்லலாமே."

"சொல்லாமயா இருப்பேன்? காலையிலயே உங்க கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். அறுவது நாளுக்குள்ள பார்ப்பாங்களாம். பலகைகிட்டயே நேராச் சொன்னேன், 'யோசித்துச் சொல்லுங்கள்'ங்குது. போனைத் தூக்கிப் போட்டுரலாம்னா, எங்க கம்பெனி கேட்டுல அதைக் காட்டினாத்தான் கதவு தொறக்கும். இன்னிக்கு வேற ஆஸ்டல் போறேன். அங்க என்ன வாங்கித் திம்பேன்னு நாளைக்கு அதையும் அவனுக்குச் சொல்லும்."

நான் அங்கேதான் வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். என்னைக் குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, உங்க குரல் எங்ககிட்ட இருக்கும். எடுத்துக் கேட்கலாமா?"

"நீ ஒருத்திதான் ஒழுங்காக் கேக்கற. கேளு" என்றார்.

வியாழன்

கேட்டேன்.

முதல் "வேண்டாம்" சாதாரணமாக இருந்தது. இரண்டாவதில் சோர்வு. குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதுமே உயர்த்தமாட்டார், உயர்த்தினால் என்ன நடக்கும் என்று பழகிய வீட்டிலிருந்து வந்தவர். இரண்டுக்கும் பக்கத்தில் பச்சை எழுத்தில் ஒரே சொல்: உபசாரம். மூன்றாவது பதிவில் சோறு கொதிக்கும் சத்தம் மட்டும்தான். அதன் பக்கத்தில்: சம்மதம்.

வழக்கம்போல மறுபடி மறுபடி ஓட்டினேன். இந்த முறை எனக்குச் சந்தேகம் வரவில்லை. அதுவே புதிதாக இருந்தது.

மௌலீஸ்வரன் சாரிடம் போனேன்.

"சார், எது உபசாரம், எது நெஜம்னு மெஷினுக்கு எதை வெச்சுச் சொல்லிக் கொடுத்தீங்க?"

அவருக்குக் குஷியாகிவிட்டது. "யாரும் இதைக் கேக்கறதே இல்ல. பந்தியில! கல்யாண மண்டபத்துல! பொள்ளாச்சியிலயிருந்து ஈரோடு வரைக்கும் எத்தனை பந்தி தெரியுமா? பரிமாறுறவர் சட்டையில ஒரு மைக்கு. வேண்டாங்க, போதுங்க, ஐயோ போதும்... அத்தனை வகை வேண்டாம் உலகத்துல வேற எங்கயும் கிடைக்காது. எல்லார்கிட்டயும் முன்கூட்டியே எழுதியும் வாங்கியாச்சு, பயப்படாத."

"எந்த வேண்டாம் உபசாரம்னு எப்படி முடிவு பண்ணினீங்க?"

"இலையைப் பாத்து. வேண்டாம்னாரு, வெச்சோம், சாப்பிட்டாரா? அப்ப உபசாரம். சாப்பிடாம இலையை மூடிட்டாரா? அப்ப நெஜம்."

"கையை, சார்?"

"என்ன கையி?"

"நெஜமா வேண்டாம்னா இலைக்கு மேல குறுக்க கையை வெப்பாங்கல்ல. வாயால சொல்றது சும்மா. கைதான் பேசும். மைக்குல கை கேக்குமா?"

அவர் தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"அப்புறம் இன்னொண்ணு சார். கை வைக்கறதுக்குள்ள இலையில வந்து விழுந்துட்டா, சாப்பிடறோம். ஆசைப்பட்டா சாப்பிடறோம்? வீணாக்கக் கூடாதேன்னு சாப்பிடறோம். வெச்சவங்க மனசு கஷ்டப்படுமேன்னு சாப்பிடறோம். அதையெல்லாம் நீங்க சம்மதம்னு எழுதி வெச்சிருக்கீங்க."

"ரொம்பத்தான் யோசிக்கற நீ" என்றார். குரலில் குஷி இல்லை. "மேடத்தைப் போயிப் பாரு."

ஹெப்சிபா மேடத்துக்கு நாசரேத் பக்கம். எனக்கு வேலை கொடுத்தவர், மாலை வகுப்புக்கு நிறுவனத்தைப் பணம் கட்ட வைத்தவர், தலைவலி என்றால் தைலம் எடுத்து நீட்டுபவர். எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"காபி சொல்லவா?"

"வேண்டாம் மேடம்."

காபி வந்தது. பேசிக்கொண்டே ஒரு வாய் குடித்துவிட்டேன்.

"பாத்தியா?" என்று சிரித்தார். "வேண்டாம்னே. குடிக்கியே. மௌலி சொல்லுதது தப்பா?"

எனக்கு முகம் எரிந்தது. டம்ளரை மேசையில் வைத்தேன்.

"காபி மேடம் இது. பிடிக்கலைன்னா கொட்டிட்டுப் போயிடலாம். அந்தக்கா ஆஸ்டல் வாசல்ல வந்து நிக்கற ஆளை எங்க கொட்டறது?"

அவர் சிரிப்பு போய்விட்டது.

"சரி, கேளு. அடுத்த பதிப்புல திருத்திருவோம், நான் பொறுப்பு. நாளைக்கு நீ சான்று சொல்லலன்னா கிளினிக் ஒப்பந்தம் போயிரும். இந்த மாடியில இருக்க பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு வேலை இருக்காது. நீ சொல்லு, அந்தப் பொண்ணு பேரை குடும்பச் சலுகையிலருந்து உடனே எடுத்துருதேன். அவ கேட்டா அறுபது நாளு. நான் சொன்னா அஞ்சு நிமிஷம்."

"இப்பவே எடுக்கலாமே மேடம்?"

"நீ சான்று சொன்ன பெறவு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மாலையில் சுபிக்ஷா அக்காவிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மறைக்க எனக்கு உரிமை இருந்ததா என்று தெரியவில்லை. சொன்னதும் சரியா என்று தெரியவில்லை. அவர் துணிப்பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"அஞ்சு நிமிஷமா?"

"ஆமாக்கா."

"அப்ப சொல்லிரு கண்ணு. சரின்னு சொல்லிரு. எனக்கு ஒரு ராத்திரி தூங்கோணும்."

நான் சரி என்றேன். இருவரும் பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம்.

வெள்ளி

காலையில் அக்காவிடமிருந்து செய்தி வந்திருந்தது. "நேத்து சரின்னு சொன்னது பயத்துல சொன்னது. அதைக் கணக்குல எடுத்துக்காத. கிளினிக்குல எல்லாம் வெக்கறாங்கன்னு சொன்னியே, அங்க என்னையாட்ட எத்தனை பேரு வருவாங்க. நீ சொல்லாத. நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

எப்படிச் சமாளிப்பார் என்று அதில் இல்லை.

சான்று சொல்லும் முறை இது: அதிகாரியின் சான்றும் வாய்மொழிதான். கூட்ட அறையின் பலகை கேட்கும், அதிகாரி பதில் சொல்வார். "ஆம்" என்றால், குரல்பதிவு முழுவதும் இணைந்து சான்றிதழ் அப்போதே சென்னையிலுள்ள ஆணையத்துக்குப் போய்விடும். அங்கே அன்றைக்கே ஒரு மனிதர் உட்கார்ந்து அதைக் கேட்பார். பொதுமக்களின் புகார்தான் வரிசையில் நிற்கும். "இல்லை" என்றால் எங்கேயும் போகாது. நிறுவனத்துக்குள்ளேயே கிடக்கும். அடுத்த மாதம் வேறு அதிகாரியைப் பிடித்துக்கொள்வார்கள்.

அறையில் நாங்கள் மூன்று பேர். மௌலீஸ்வரன் சார் நேற்றைய பேச்சை மறந்தவர் போல எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பலகை எங்கள் எல்லோருக்கும் பழகிய அந்த இனிமையான குரலில் கேட்டது.

"மதுவந்தி, உபசாரம் பகுதி சட்ட விதிகளுக்கு உட்பட்டது என்று சான்றளிக்கிறீர்களா?"

"மாட்டேன்" என்றேன்.

என் குரல் எனக்கே சன்னமாகத்தான் கேட்டது. ஹெப்சிபா மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பலகை சொன்னது:

"பரவாயில்லை, நிதானமாக யோசியுங்கள். சற்று நேரத்தில் மறுபடி கேட்கிறேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. என் முன்னால் இருந்த திரையில் பச்சை எழுத்து: உபசாரம்.

மௌலீஸ்வரன் சார் வெடித்துச் சிரித்தார். "ஆபீஸ் பலகையிலயும் அதைத்தான் போட்டிருக்கோம்! இங்க ரெண்டு நாளு இல்ல, ரெண்டு நிமிஷம். பாத்தியா, உன்னை எங்களைவிட அதுக்கு நல்லாத் தெரியுது. நீ எதுக்குத்தான் வேண்டாம்னு சொல்லி நின்னிருக்கே?"

அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் கோபம் வந்தது. பலகை இரண்டாம் முறை இன்னும் நயமாகக் கேட்டது. நான் எழுந்து நின்று, மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"மாட்டேன். இது விதிப்படி நடக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவர்களின் வாயிலிருந்து சம்மதத்தைப் பிடுங்குகிறது. நான் சான்றளிக்க மாட்டேன்."

கண்ணாடிக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பலகை, "உங்கள் கருத்துக்கு நன்றி. சற்று நேரத்தில் மறுபடி கேட்கிறேன்" என்றது. பச்சை எழுத்து: உபசாரம்.

இதையெல்லாம் திட்டமிட்டுத்தான் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. இரண்டாவது பச்சை எழுத்தைப் பார்த்த பிறகுதான், சட்ட வகுப்பில் கேள்விக்கு விடை தேடுவது போல, ஒவ்வொன்றாக யோசித்தேன். மூன்றாவது முறையும் மாட்டேன் என்றால் எல்லாம் இந்த அறையோடு முடிந்துவிடும். மூன்றாவது முறை நான் ஒன்றும் சொல்லாவிட்டால்?

நான் உட்கார்ந்தேன். மேடம் என் முகத்தைப் பார்த்தார். மௌலீஸ்வரன் சாருக்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"மௌலி, அதை அணை."

"சான்றிதழ் நடுவுல அறுத்தா ஆணையத்துக்கு எச்சரிக்கை போயிரும் மேடம். நீங்கதானே அப்படி வெக்கச் சொன்னீங்க?" அவர் இன்னும் பாதிச் சிரிப்பில் இருந்தார். "எதுக்கு அணைக்கோணும்? அடுத்த தடவை ஒத்துக்குவா."

"ஒத்துக்கிட மாட்டா. வாயைத் தொறக்க மாட்டா. இவ ரெண்டு தடவை மாட்டேன்னு கத்தினது அப்படியே சான்றிதழோட மெட்ராசுக்குப் போவும், மனுசன் உக்காந்து கேப்பான். நாமளே அனுப்பி வைக்கோம்!"

சிரிப்பு நின்றது. பலகை மணி அடித்தது.

"மதுவந்தி, கடைசியாக ஒருமுறை கேட்கிறேன். சான்றளிக்கிறீர்களா?"

"சொல்லு" என்றார் மேடம். "மாட்டேன்னு சொல்லு."

நான் மேசை மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏட்டி, மாட்டேன்னு சொல்லுட்டி! இவ்வளவு நேரம் அதைத்தானே சொன்ன? உன் பேர்லதான் போவும். பொய்ச் சான்று கொடுத்தாள்னு உன் பதிவைப் பிடுங்கிருவாங்க. படிச்சதெல்லாம் வீணாப் போவும். உன் நல்லதுக்குச் சொல்லுதேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை..."

அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. என் வாழ்க்கையில் முதன்முறையாக என்னிடம் ஒருவர் "வேண்டாம்" என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நன்றி, மதுவந்தி" என்றது பலகை. "உங்கள் சான்று பெறப்பட்டு அனுப்பப்பட்டது. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்."

மேடம், தன் வேலையும் முடிந்தது என்பதுபோல், தன் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என்னுடையதற்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

"பதிவு போயிரும்" என்றார் மறுபடியும், மெதுவாக.

"போகட்டும் மேடம். என்ன சொன்னேன்னு கேட்டுட்டுப் பிடுங்கட்டும்."

மாலை வகுப்புக்குப் போனேன். எங்கே போவதென்று வேறு தெரியவில்லை. சுபிக்ஷா அக்கா முன்பே வந்து உட்கார்ந்திருந்தார், துணிப்பை மடியில். வகுப்பு தொடங்கும் முன் என் போன் அடித்தது. ஆணையத்திலிருந்து ஒரு ஆள், சென்னைப் பேச்சு.

"மதுவந்திங்களா? உங்க சான்றிதழ்ல ஏதோ கோளாறும்மா. நீங்க ரெண்டு தபா மாட்டேன்றீங்க. அப்புறம் ஒரு அம்மா உங்களை மாட்டேன்னு சொல்லுன்னு கத்துறாங்க. நீங்க சும்மா கீறீங்க. மெஷின் தேங்க்ஸ் சொல்லுது. இன்னாம்மா இது?"

"கோளாறு இல்ல சார். அது இப்படித்தான் சம்மதம் வாங்குது. கோயமுத்தூர்ல பலகை இருக்கற எல்லா வீட்டிலயும்."

"இருங்க" என்றார். என் "மாட்டேன்" போனுக்குள் தூரத்தில் இரண்டு முறை ஒலித்தது. மறுபடியும் ஒலித்தது. அவரும் என்னைப் போலத் திருப்பித் திருப்பி ஓட்டிக் கேட்கிறவர்தான்.

"இதை இன்னிக்கே நிறுத்தச் சொல்லிடுறேன்" என்றார் கடைசியில். "வாங்கின சம்மதம் எல்லாம் செல்லாது, விசாரணை முடியிற வரைக்கும். உங்க பதிவு இன்னா ஆவும்னு என்னால சொல்ல முடியாதும்மா. அது மேல இருக்கிறவங்க முடிவு."

"சரி சார்."

"பாதிக்கப்பட்டவங்க யாராச்சும் ஒருத்தர் பேர் கிடைச்சா கேஸ் இன்னும் ஸ்ட்ராங்கா நிக்கும். யாராச்சும் கீறாங்களா?"

நான் போனைக் கையால் மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"வேண்டாம் கண்ணு" என்றார். அதே சோர்ந்த, உயராத குரல்.

"வேண்டாங்கறாங்க சார்."

"சரிம்மா" என்றார் அவர். மறுபடி கேட்கவில்லை. விசாரணைக்குக் கூப்பிட என் முகவரியைக் கேட்டார்.